எந்த மருமகள்

அந்த மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் அவளை எல்லோரும் முடிச்சு என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நர்சுகளுக்கு டேட்டாபேஸை விளக்க வேண்டியிருந்தது. "ஒவ்வொரு ஆளும் ஒரு முடிச்சு. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற உறவு ஒரு நூல். அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லப்போக, பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் வரவேற்பில் இருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, முடிச்சா? மேல் மாடி" என்பார்.

அங்கே வருகிறவர்களில் பலருக்குக் குடும்ப வழியில் இறங்கும் நோய். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் கிளம்பி, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து, ஒரு நாள் வேலையை நிறுத்திவிடும். ஒருவருக்கு வந்தால் அவருடைய ரத்த உறவுகளையும் அழைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நூலும் முடிச்சும். திரையில் ஒரு நோயாளியின் பெயரைத் தொட்டால் அவரிடமிருந்து புறப்படும் நூல்களைப் பிடித்துக்கொண்டு போய், இன்னின்னாருக்கு ஜீன் பரிசோதனை வேண்டும் என்று டேட்டாபேஸே பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் கட்டியவர்கள் எல்லா நூலுக்கும் 'உறவு' என்று ஒரே வகையைத்தான் வைத்திருந்தார்கள். நோயாளி வாயால் என்ன சொன்னாரோ, அத்தை, கொழுந்தன், சகலை, அதை ஒரு சொல்லாக அந்த நூலிலேயே எழுதி வைத்தார்கள். டேட்டாபேஸுக்குச் சொல்லின் அர்த்தம் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொட்டு. லேபில் வரிசை நீண்டுகொண்டே போனது.

"சகலையோட தம்பிக்கெல்லாம் நான் எதுக்கும்மா ஜீன் டெஸ்ட் பண்ணணும்?" என்று டாக்டரம்மா ஒரு நாள் படியேறி வந்தே கேட்டுவிட்டார். "நிஜமாவே வேணுங்கறவங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. ரத்த உறவு வேற, கல்யாண உறவு வேறன்னு பிரிச்சுக் குடு."

கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. முடிச்சு உட்கார்ந்து ஒரு மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் கட்டளைக் கோப்பு, எழுதினாள். பழைய நூல்களைக் கொத்துக் கொத்தாக எடுக்க வேண்டியது, சொல்லைப் பார்த்து ரத்த நூலாகவோ கல்யாண நூலாகவோ மாற்ற வேண்டியது, பழையதைச் சொல்லோடு சேர்த்து நீக்கிவிட வேண்டியது. தம்பி என்றால் ரத்தம், கொழுந்தன் என்றால் கல்யாணம். மாமா என்றால் அம்மாவின் சகோதரர், ரத்தம். அத்தை என்றால் அப்பாவின் சகோதரி, ரத்தம். மருமகள் என்றால் கல்யாணம். இரண்டு பேருக்கு நடுவில் ஒரே ஒரு நூல்தான் இருக்கலாம் என்று ஒரு காவலும் போட்டுவைத்தாள். ஒருவரை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதில்லையா?

இதையெல்லாம் ஓட்டுவதற்கு ஒரு டூல் இருந்தது. பட்டனும் படமும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். மாற்றங்களை ஒவ்வொரு கோப்பாக எண் போட்டு வைத்துவிட்டால், டூல் வரிசை தவறாமல் ஓட்டும். எதுவரை ஓட்டியாகிவிட்டது என்பதை டேட்டாபேஸுக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை முடித்ததை மறுபடி தொடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளிநோயாளிகள் யாரும் இல்லாத நேரத்தில், முடிச்சும் தாடியும் மேல் மாடி அறையில் உட்கார்ந்தார்கள். தாடி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். தாடியை எடுத்து வருஷங்களாகிவிட்டன. பெயர் மட்டும் போகவில்லை.

"மாதிரிப் பிரதியில ஓட்டிப் பாத்தியா?" என்றான்.

"மூணு தடவை. பச்சைப் பசேல்னு வந்துச்சு."

"அப்பறம் என்ன, தட்டு."

அவள் தட்டினாள். வரிகள் ஓடின. ஏதோ ஒரு இடத்தில் நின்று, ஒரு சிவப்பு வரி வந்து விழுந்தது. இந்த இருவருக்கு நடுவில் ஏற்கெனவே ஒரு நூல் இருக்கிறது என்றது அது.

முடிச்சு நிலவரம் கேட்கும் கட்டளையைத் தட்டினாள். 'ஓட்டப்படவில்லை' என்று பதில் வந்தது.

"சரி, ஓடலைன்னா நல்லதுதான். எதுவும் மாறியிருக்காது" என்றான் தாடி.

அவள் டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்த்தாள். பாதி நூல்கள் மாறியிருந்தன. மீதிப் பாதி பழையபடியே கிடந்தன.

"மாறியிருக்கே."

"ஓடலைன்னு சொல்லுதே."

"அது ஓடலைன்னுதான் சொல்லுது. ஆனா ஓடியிருக்கு."

"ஓடாம எப்படி மாறும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

டூலைக் குறை சொல்ல முடியாது. கோப்பு முழுசாக முடிந்தால்தான் முடிந்தது என்று அது எழுதும். ஆனால் முடித்த கொத்துகள் முடித்தவைதான். நின்ற இடத்திலிருந்து பின்னால் போய் அவற்றை அவிழ்க்க அதற்குத் தெரியாது. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை முதல் வரியிலேயே வேறொரு குறை சொல்லி நின்றது.

"பேக்கப்பை எடுத்துப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

தாடி தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டான். "நேத்து எடுத்திருக்கணும். தானா எடுக்கும். எடுக்கலை. வெள்ளிக்கிழமையோடது இருக்கு."

சனிக்கிழமை வெளியிடத்தில் முகாம் நடந்திருந்தது. அன்று பதிந்த குடும்பங்கள் வெள்ளிக்கிழமைப் பிரதியில் இருக்காது. பின்னால் போக வழியில்லை. முன்னால்தான் போக வேண்டும்.

மைக்ரேஷன் எந்த இருவரிடம் இடறியது என்று பார்த்தார்கள். ஒருத்தி நோயாளி. அவள் மற்றவளை 'மருமகள்' என்று சொல்லியிருந்தாள். மற்றவள் நோயாளியை 'அத்தை' என்று சொல்லியிருந்தாள். முடிச்சின் கணக்குப்படி மருமகள் கல்யாண நூல், அத்தை ரத்த நூல். ஒரே இருவருக்கு நடுவில் இரண்டு நூல் விழப் பார்த்து, காவல் தடுத்திருக்கிறது. மாதிரிப் பிரதியில் இது வந்திருக்க வழியில்லை. அது பழைய பதிவுகளை வைத்துச் செய்தது. அப்போதெல்லாம் நோயாளியை மட்டும்தான் கேட்பார்கள்.

"இதுல என்ன குழப்பம்?" என்றான் தாடி. "மருமகள்னு போட்டிருக்கு. அப்ப அந்தம்மா மாமியார். மாமியாரை அத்தைன்னுதானே கூப்பிடுவாங்க? ரெண்டும் முட்டிக்கிட்டா கல்யாண நூலை வெச்சுக்கோ, மத்ததைத் தூக்கிடு."

நியாயமாகத்தான் பட்டது. அப்படியே எழுதி, பாதியில் நின்றதையும் சமாளிக்கிற மாதிரி கோப்பைத் திருத்தி ஓட்டினாள். இந்த முறை கடைசி வரை போயிற்று. நிலவரம் கேட்டதும், முடிந்தது என்றது டூல். தாடி நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான்.

முடிச்சுக்குத்தான் மனசு ஒட்டவில்லை. எது தப்பு என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கணவன் போனை வைத்துவிட்டு வந்து, "மாமா நாளைக்கு வர்றாராம்" என்றான்.

"எந்த மாமா?"

"எந்த மாமாவா? மாமா."

"உங்க அம்மாவோட தம்பியா, எங்க அப்பாவா, உங்க அத்தை வீட்டுக்காரரா?"

"உனக்கு என்ன ஆச்சு?" என்றான் அவன். பிறகு கொஞ்சம் கோபத்தோடு, "உங்க அப்பாதான்" என்றான். அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை, மாற்று அறுவை வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டர் மாடிப் படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உன்னால ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு முடிச்சு. மாமியாருக்குக் கிட்னி குடுக்கறேன்னு ஒரு பொண்ணு பிடிவாதமா நிக்குதே, அதுக்கு ஜீன் டெஸ்ட் பாக்கியிருந்துச்சு. லேப்ல நாள் குடுக்கவே இல்லை. இன்னிக்குப் பாத்தா பொட்டே போயிடுச்சு. கல்யாண உறவுதானே, டெஸ்ட் வேண்டாம். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்."

"அந்த அம்மா அவங்களை என்னன்னு சொல்லியிருக்காங்க?"

"மருமகள்னு. ஏன்?"

அதே இருவர். திரை சொல்வது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். சொல்லைத்தான் நேற்று அவளே அழித்தாயிற்று. அவள் மேலே போகாமல் டயாலிசிஸ் அறைக்கு நடந்தாள்.

நோயாளிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் குழாய்களோடு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். பக்கத்தில் இளையவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். நோயாளி, "மாமா, அந்தப் போர்வையைக் கொஞ்சம் எடுங்க" என்றதும் எழுந்து வந்து போர்த்திவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிச்சு தன்னை அறிமுகம் செய்துகொண்டு இளையவளைக் கேட்டாள். "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"மருமக."

"எந்த மருமக?"

"இருக்கறதே ஒரு மருமகதாங்க."

"இல்லை, அவங்க மகனைக் கட்டின..."

"மகனைத்தான் கட்டியிருக்கேன். வேற யாரைக் கட்டுவேன்?"

நோயாளி படுத்தபடியே சிரித்தாள். முடிச்சுக்கும் உயிர் வந்தது. "அப்ப சரிங்க. பதிவுல நீங்க இவங்களை அத்தைன்னு சொல்லியிருந்தீங்க. அதான் கேட்டேன்."

"மாமியாரை வேற என்னன்னு கூப்பிடறது? நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நானும் அத்தைன்னுதான்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

"இவளுக்கு நான் பொறந்ததுலேர்ந்து அத்தைதான்" என்றாள் நோயாளி, சும்மா பேச்சுக்கு. "குழந்தையில அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடியே அத்தைன்னுதான் சொன்னா. அவங்க அம்மாவுக்கு அதுல ஒரே வருத்தம்."

முடிச்சு திரும்பினாள். "பொறந்ததுலேர்ந்தா?"

"என் தம்பி மகதானேம்மா இவ."

"மருமகள்னு சொன்னீங்களே!"

"தம்பி மகளும் மருமகதான், மகன் பொண்டாட்டியும் மருமகதான். ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வெச்சிருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

"உங்க தம்பி இப்ப..."

"இவ சின்னவளா இருந்தப்பவே போயிட்டான். ரோட்டுல அடிபட்டு." நோயாளியின் சிரிப்பு நின்றது. "ஏம்மா, என்ன விஷயம்?"

"டாக்டரம்மா சொல்வாங்க" என்று சொல்லி, ஓடாத குறையாக அவள் வெளியே வந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அந்தப் பொண்ணு சின்ன வயசு. ஸ்கேன் சுத்தமா இருக்கு. ஆனா இந்த வயசுல ஸ்கேன்ல தெரியாமலும் போகும். ஜீன் டெஸ்ட் இல்லாம அவகிட்டேருந்து எடுத்திருந்தேன்னா, பின்னால அவளுக்கும் இந்த நோய் வர்றப்ப ஒரே கிட்னிதான் மிச்சமிருக்கும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சொந்தத்துல கட்டினவங்களான்னு நானும் கேட்டிருக்கணும். பொட்டு இருக்குதேன்னு விட்டுட்டேன். சரி, இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரியலை டாக்டர்."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியலை."

"பரவாயில்லை. அதையே அதுல வை. ரத்தம், கல்யாணம், தெரியாது. தெரியாதவங்களுக்குப் பொட்டு இருந்துட்டுப் போகட்டும்."

அன்றே முடிச்சு அடுத்த எண்ணில் புதுக் கோப்பு எழுத ஆரம்பித்தாள். தாடி வெள்ளிக்கிழமைப் பிரதியை வேறொரு கணினியில் விரித்துக் கொடுத்தான். அழிந்த சொற்களை அதிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்தாள். இரண்டு பேருக்கு நடுவில் ஒரே நூல் என்ற காவலைத் தூக்கினாள். அத்தை, மாமா, மச்சான், மருமகன், மருமகள் என்று இரு பக்கமும் சாயக்கூடிய சொற்களையெல்லாம் 'தெரியாது' வகையில் போட்டாள். போடப் போட அந்த வகை பெருத்துக்கொண்டே வந்தது.

"இவங்க எல்லாரும் தெரியாதவங்கன்னா தெரிஞ்சவங்க யாரு?" என்று புலம்பினான் தாடி.

பிரதியில் இல்லாத முகாம்காரர்களுக்குப் போன் போட வேண்டியிருந்தது. சிஸ்டரும் அவளும் பிரித்துக்கொண்டார்கள்.

"மாமான்னு ஒருத்தரைச் சொல்லியிருப்பீங்களே, அவர் எந்த மாமாங்க?"

"எங்க ஹவுஸ் ஓனர்."

"உறவைக் கேட்டோமேங்க."

"உறவு மாதிரிதான். வாடகையே ஏத்த மாட்டார்."

இன்னொருத்தி, அண்ணன் என்று சொன்னவர் அண்ணன் இல்லை, அக்கா கணவர் என்றாள். சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்று கூப்பிட்டுப் பழக்கமாம். முடிச்சு போனை வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரத்தம் என்று சந்தேகமே இல்லாமல் வைத்திருந்த சொல் அது. அண்ணனையும் அக்காவையும் நம்ப முடியாது என்றால் எந்தச் சொல்லை நம்பி எந்த நூலைப் போடுவது? அவற்றையும் எடுத்துத் தெரியாத வகையில் போட்டாள். பிறகு, இது ரொம்ப அதிகமோ என்று தோன்றித் திரும்ப எடுத்தாள். மறுபடி போட்டாள்.

மாமாக்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் அந்த நோயாளியின் பெயர் மறுபடி வந்தது. அவள் ஒரு ஆளை 'மாமா' என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மைக்ரேஷன் அவரை அம்மாவின் சகோதரர் என்று எடுத்துக்கொண்டு ரத்த நூல் போட்டுவிட்டது. அவருக்கு முன்பே பொட்டு, இப்போதும் பொட்டு. வயது பார்த்தால் நோயாளியைவிடக் கொஞ்சம்தான் கூட. முடிச்சுக்கு வாசலில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார்.

கீழே போய், "சார், நீங்க அவங்களுக்கு யாரு?" என்றாள்.

"மாமாதான்."

"மாமான்னா?"

அவர் சங்கடமாக எழுந்து நின்றார். "வீட்டுக்காரன்மா. அவ என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்களுக்குள்ள சொந்தமெல்லாம் கிடையாது."

"நீங்க கிட்னி குடுக்கறேன்னு கேக்கலையா?"

"முதல் நாளே கேட்டேனே. டெஸ்ட் முடியட்டும்னாங்க. லேப்ல கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கேன். மாசக் கணக்காச்சு. மகனுக்கும் இந்த நோய் இருக்கறதால அவனால முடியாது. அதுக்குள்ள மருமக நான் குடுக்கறேன்னு கிளம்பிடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வயசாயிடுச்சு, வேண்டாம்னு விட்டுட்டாங்களோன்னு நினைச்சேன். கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

அவருக்கு அந்தப் பரிசோதனையே தேவையில்லை. முடிச்சு அவரைக் கை பிடித்து அழைத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் விட்டாள்.

டாக்டரம்மா லேபை நெருக்கியதில் இளையவளின் முடிவு சீக்கிரமே வந்தது. அவளுக்கும் அந்த ஜீன் இருந்தது. அவள் அப்பாவிடமிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும். அவர் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்கும். டாக்டரம்மா நோயாளி, அவள் கணவர், இளையவள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், கிட்னி மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நோயாளியின் கணவருக்குப் பரிசோதனைகள் வரிசையாக நடந்தன, எல்லாம் ஒத்துவந்தது. அறுவை முடிந்து, கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள் என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இளையவள் மேல் மாடிக்கு வந்தாள். தாடி எழுந்து நாற்காலி கொடுத்துவிட்டு வெளியே போனான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுலதான் நாங்க இருக்கோமா?"

முடிச்சு காட்டினாள். அத்தைக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இரண்டு நூல்.

"உங்க மேல எனக்குக் கோபமா, இல்லையான்னே தெரியலைங்க" என்றாள் இளையவள். "நீங்க வந்து கேக்கலைன்னா நான் குடுத்திருப்பேன். குடுத்துட்டோம்னு நிம்மதியா இருந்திருப்பேன். அப்பறம் என்ன ஆகியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க, புரியுது. ஆனாலும் போன மாசம் வரைக்கும் நான் நல்லா இருந்தேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கேன். ஆனா நல்லா இல்லை."

முடிச்சு தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவளை இதுல போடலையே?"

"நீங்க சொன்னாதான் போடுவோம்."

"அவ அப்பாவுக்கும், அதான் எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. அவளுக்கு?" கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "சின்னக் குழந்தை, இப்ப டெஸ்ட் வேண்டாம், வளர்ந்து அவளே முடிவு பண்ணட்டும்னாங்க டாக்டரம்மா. வீட்டுக்காரர் இப்பவே பாத்துடலாம்ங்கறார். அத்தை, தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்ங்கறாங்க. எல்லாரும் சொல்றதும் சரின்னுதான் படுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைங்க" என்றாள் முடிச்சு. "நிஜமாவே தெரியலை."

இளையவள் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை. முடிச்சு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தை எந்த வகுப்பு, என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டாள். படம் வரையப் பிடிக்கும் என்றும், சுவரில் வரைந்துவிட்டு நான் இல்லை என்று சாதிப்பாள் என்றும் அவள் சொன்னாள். கதவைத் திறந்த தாடி, இருவரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மறுபடி சாத்திக்கொண்டு போனான்.